‘இரவு உணவை எடுத்துக்கொண்டார்’: இதை எப்படி மாற்றலாம்?

தறிக்காரன்:
ஒரு சிறுகதைக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ‘இரவு உணவை எடுத்துக்கொண்டார்’ என்று வருகிறது. எடுத்து எங்கே வைத்துக்கொண்டாராம்? ‘ராத்திரி சாப்பிட்டார்’ என்று திருத்தினேன். எழுதியவர் ‘உணவு அருந்தினார்’ என்றாவது போடச் சொல்கிறார். அருந்துவது தண்ணீரும் மோரும்தானே? எல்லாவற்றுக்கும் ‘சாப்பிட்டார்’ போதும் என்பது என் கட்சி.

பொருநை:
‘எடுத்துக்கொண்டார்’ மாத்திரைக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது. அதை வெட்டியது சரி. ‘அருந்தினார்’ மேல் ஏன் பாய்கிறீர்கள்? ‘மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்’, குறள் 942. முன்பு சாப்பிட்டது செரித்த பிறகு சாப்பிட்டால் மருந்தே வேண்டாம் என்கிறார். மோரைப் பற்றியா பேசுகிறார்?

தறிக்காரன்:
அதே வள்ளுவர் 922-இல் ‘உண்ணற்க கள்ளை’ என்கிறார். அதற்காக இன்று ‘காபி உண்டேன்’ என்று எழுதுவீர்களா?

பொருநை:
எழுத மாட்டேன். ஆனால் ‘உணவருந்தும் இடம்’ என்று இன்றைக்கும் பலகை மாட்டுகிறார்கள். யாரும் அங்கே மோர் மட்டும் கிடைக்கும் என்று நினைப்பதில்லை.

தறிக்காரன்:
பலகைத் தமிழைப் பெரியவர் வாயில் திணிக்க வேண்டாம் ஐயா.

நாஞ்சில்வாசி:
எங்கள் பக்கம் நெருங்கியவர்களிடம் ‘சோறு தின்னியா?’ என்றுதான் கேட்போம். அதையே வடக்கே போய்க் கேட்டால் அடிக்க வருவார்கள். அப்புறம் எப்படி ஒரே சொல் எல்லா ஊருக்கும் போதும்?

ஈப்போ வாசகி:
அழகாக இருக்கிறதே என்று ‘பசியாறினார்’ போட்டுவிடாதீர்கள். மலேசியாவில் நாங்கள் பசியாறுவது காலையில். ராத்திரி பசியாறினார் என்றால் இங்கே குழம்புவார்கள்.

அகல்:
முதலில் பெரியவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அமாவாசை ராத்திரி சோறு கிடையாது. ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால், ‘இல்லை, பலகாரம்தான்’ என்பார் பாட்டி. நாலு இட்லி உள்ளே போயிருக்கும், ஆனாலும் அவர் கணக்கில் அது சாப்பாடு இல்லை. ரமலானில் பக்கத்து வீட்டில் மாலைக் கஞ்சி குடிப்பதை யாரும் சாப்பிட்டார்கள் என்று சொல்வதில்லை, ‘நோன்பு திறந்தார்கள்’ என்போம். நீங்கள் ஒரே சொல்லை வைத்தால் விரதம், நோன்பு எல்லாம் காணாமல் போகும்.

தறிக்காரன்:
கதையில் விரதம் இல்லை. பெரியவர் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி வீட்டுக்குப் போகிறார், ராத்திரி அங்கே சாப்பிடுகிறார். அவ்வளவுதான்.

நாஞ்சில்வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! அது ‘கை நனைத்தார்’. பகையாளி வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதவர் கை நனைத்தார் என்றால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். ‘சாப்பிட்டார்’ என்று எழுதினால் வயிறு நிறைந்த சேதி மட்டும்தான் மிஞ்சும்.

பொருநை:
வழிமொழிகிறேன். ‘அருந்தினார்’ கட்சியை இந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒத்திவைக்கிறேன்.

தறிக்காரன்:
இன்றைய பிள்ளைகள் கை கழுவினார் என்று படிப்பார்கள். ‘சாப்பிட்டார்’ யாருக்கும் புரியும். நான் மாற்றுவதாக இல்லை.

அகல்:
அப்படிப் படிக்கிறவர்களுக்காக அடுத்த வரியில் ஓர் இலையைப் போட்டு, சம்பந்தியம்மாளைப் பரிமாறச் சொல்லுங்கள். புரிந்துவிடும்.