விட்ஸை நம்பி விட ஒரு கராஜ் வேண்டும் (வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம்)

நீலவிட்ஸ்:
வணக்கம். அப்பா ஓடிய 2008 டொயோட்டா விட்ஸ் கார், ஆயிரம் சிசி, இப்போது என் கையில். போன கிழமையிலிருந்து சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரைக்கும் நடுங்குகிறது. ஓடத் தொடங்கினால் சரியாகிவிடும். வீட்டுக்குக் கிட்ட ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "எஞ்சின் இறக்க வேண்டும், டைமிங் பெல்ட்டும் முடிந்துவிட்டது, இரண்டே கால் இலட்சம் வரும்" என்றார். எனக்குச் சிங்களம் வரும், வாகனச் சிங்களம் வராது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்பாவின் மெக்கானிக், கொட்டாஞ்சேனை பாஸ், இப்போது கனடாவில். தனியாகப் போகிற பெண்ணை ஏமாற்றாத ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலிவீதி77:
டொயோட்டா ஏஜென்டிடமே விடுங்கள். காசு கூடத்தான், ஆனால் கணக்கு எழுத்தில் வரும்.

பாமன்கடை:
தங்கச்சி, அந்தக் கராஜ் பக்கம் திரும்பிப் போகாதீங்கோ. ஆயிரம் சிசி விட்ஸுக்கு டைமிங் பெல்ட்டே கிடையாது. 1கேஆர் எஞ்சின், உள்ளே இருப்பது செயின். இல்லாத சாமானை மாற்றக் காசு கேட்டிருக்கிறார்!

மூன்று சிலிண்டர் என்பதால் நின்ற இடத்தில் கொஞ்சம் நடுங்குவது அதன் பிறவிக் குணம். ஸ்டியரிங் வரை வருகிறதென்றால் அநேகமாக எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் றப்பர் போயிருக்கும், இல்லையென்றால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் த்ரொட்டிலில் கரி. பிளக்கையும் கழற்றிப் பார்க்கலாம். எஞ்சின் இறக்குவதெல்லாம் கடைசிக் கதை.

நான் பதினோரு வருடம் ஸ்கூல் வான் ஓடியவன். இப்போதைய பாஸிடம் முதலில் ஒயில் மாற்ற மட்டும்தான் போனேன். பிரேக்கையும் பார்க்கச் சொன்னேன். சில்லைக் கழற்றிப் பார்த்தவர், "பாட் இன்னும் ஆறு மாதம் ஓடும், விடுங்கோ" என்றார். கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்ற மனிதர். அன்றிலிருந்து வேறு இடம் போகவில்லை. எதை மாற்றினாலும் பழையதை என் கையில் தருவார். பார்ட்ஸ் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு என்னையே அனுப்புவார், சாமானின் பெயரைத் துண்டில் எழுதி. சில பாஸ்மார் "நானே வாங்கித் தருகிறேன்" என்பார்கள். கடையில் அவர்களுக்கு ஏதும் கிடைக்கலாம், கிடைக்கட்டும். சிட்டையைக் கேளுங்கோ. அதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கோ. என் பாஸின் இடத்தை உள்பெட்டியில் அனுப்புகிறேன்.

ஹைபிரிட்_மச்சான்:
மவுண்ட் என்றால் ரீகண்டிஷன் வாங்க வேண்டாம். ஜப்பானில் கழற்றிய றப்பர், அதற்கும் உங்கள் காரின் வயதுதான் இருக்கும். அப்புறம், கியர் ஒயில் மாற்றினால் போத்தலை வாங்கிப் பாருங்கள். உங்களுடையது சிவிடி, படிப்படியாகக் கியர் மாறாத வேறு வகை ஓட்டோ. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றவிட்டு என் அண்ணர் கியர்பொக்ஸையே மாற்றினார்.

நீலவிட்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பாமன்கடை அண்ணாவின் பாஸிடம் போனேன். முதலில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமா என்று தெரியாதது போலக் கேட்டேன். சிரித்துவிட்டார். மவுண்ட்தான், வலப்பக்கத்தது பிளந்திருந்தது. பழையதைப் பையில் போட்டுத் தந்தார். இந்தக் குப்பையை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தாய் என்று அம்மா கேட்கிறார்.