தாளில் வந்தது தறியில் வருமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கட்டத்தாள் (காஞ்சிபுரம்), இழையைத் தொடங்கியவர்

நான் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் வரைகிறேன். பதினொரு வருடம் ஆகிறது. மனதில் தோன்றியது ஒன்று, கையில் செய்ய முடிந்தது வேறு என்று ஆன நாள் நம் எல்லோருக்கும் இருக்கும். அப்படி ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த இழை. முதலில் எனக்கு நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். கோபுரத்தின் அடிப்பாகம் தெளிவாகத் தெரிந்தது. மேலே போகப் போக மழையில் கரைந்திருந்தது. இதை அப்படியே ஒரு முந்தானையில் கொண்டுவர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்தேன். முந்தானை முழுக்க ஒரே கோபுரம், அதன்மேல் சாய்வாக நூற்றுக்கணக்கான மெல்லிய ஜரிகைக் கோடுகள். அந்தப் படம் இப்போதும் எனக்குப் பிடிக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் நான் வழக்கமாக வேலை கொடுக்கும் நெசவாளர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே தாளை வாங்கினார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “இதுக்கு எத்தனை அட்டை தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

தறி தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் சங்கிலி மாதிரி தொங்கும். எந்தெந்தப் பாவு இழை (நீளவாக்கில் ஓடுகிற நூல்) மேலே எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தத் துளைகள்தான். டிசைனைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைகிற கட்டத்தாளில் ஒரு வரிக்குத் தறியில் ஒரு அட்டை. அவர் தறியில் அங்குலத்துக்கு எழுபது வரி. ஆறு அங்குலத்தில் முடிந்து திரும்பத் திரும்ப வருகிற உருவாக இருந்தால் 420 அட்டை குத்தினால் போதும், அவையே சுற்றிச் சுற்றி வரும். நான் வரைந்த கோபுரம் 30 அங்குலம், எங்கேயும் திரும்பி வராத படம். 2100 அட்டை. குத்துவதற்குக் கூலி, கோர்ப்பதற்குக் கூலி, அந்தச் சுமையை மேலே ஏற்றி மாட்டுகிற பாடு எல்லாம் தனி.

சரி, அதையாவது பத்துப் பதினைந்து புடவைக்குப் பகிர்ந்துவிடலாம் என்றேன். அவர் தாளைத் திருப்பி, ஒன்றுமே இல்லாத பின்பக்கத்தைக் கையால் தடவினார். “இங்க என்ன ஆகும்னு பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. ஊடையாக, அதாவது குறுக்குவாக்கில், போகும் ஜரிகை ஒரு கோட்டில் முன்பக்கம் தெரிந்துவிட்டு, அடுத்த கோடு வரும்வரை பின்பக்கம் பிடிப்பே இல்லாமல் மிதந்து போகும். கோடுகளுக்கு இடையே இரண்டு அங்குலம் விட்டால் பின்னால் இரண்டு அங்குலத்துக்கு ஜரிகை தொங்கும். வளையலில் மாட்டும், மெட்டியில் மாட்டும், ஒரே இழுப்பில் முந்தானை சுருங்கிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு கொடி டிசைனில் இதே தவறைச் செய்து, கடையிலிருந்து மூன்று புடவை திரும்பி வந்தது. நஷ்டத்தில் பாதி இவர் தலையில் விழுந்தது. அதை அவர் அன்று வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

தாளை மடித்துவிட்டேன். அப்போது பக்கத்தில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கேட்டார்: “மழை மேலேருந்து கீழதான விழுது? அதைப் பாவுலயே போட்டா என்ன?”

அந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. பாவு புடவையின் நீளவாக்கில் ஓடுகிறது. முந்தானையைத் தோளில் போட்டால் பாவு இழைகள் மேலிருந்து கீழே தொங்கும். பாவு ஓட்டும்போதே இடைவெளி விட்டு நாலு நாலு இழை வெள்ளி ஜரிகை வைத்தால் அது தானாக மழைக்கோடு ஆகிவிடும். அட்டை வேண்டாம். சாதா நெசவிலேயே ஒவ்வொரு ஊடையிலும் பிடிபடுவதால் பின்பக்கம் மிதக்காது. ஜரிகைக் கட்டம் போட்ட புடவைகளில் பாவில் ஜரிகை ஓடுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

அப்புறம் நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினோம். காஞ்சிபுரத்தில் முந்தானைக்கு உடலைவிட வேறு நிறம் வேண்டும் என்றால், முந்தானைப் பாவைத் தனியாக ஓட்டி, உடல் பாவோடு இழை இழையாக இணைப்பார்கள். பிட்னி என்போம். அதனால் மழைக்கோடு முந்தானையில் மட்டும் நின்றுவிடும், உடலுக்குள் போகாது. சாம்பல் நிறப் பாவுக்குள் கருநீல ஊடை விடலாம் என்றார் அவர். மயில்கழுத்து நிறம் வருவது இப்படித்தான், பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசையும்போது மேகம் மாதிரி நிறம் மாறும். கோபுரத்தை ஆறு அங்குலத்துக்குச் சுருக்கி, முந்தானையின் அடியில் ஒரே வரிசையாக நிறுத்தினோம். அதற்கு மேலே வெறும் வானம், வெறும் மழை. நான் முதலில் வரைந்த படத்தில் மழை கோபுரத்தின்மேல் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. இதில் பெண்கள் நடக்கும்போது மழை அசைகிறது.

முதலில் வாங்கிய கடைக்காரர் ஜரிகை குறைவாக இருக்கிறதே என்று தயங்கி இரண்டே புடவை எடுத்தார். இதுவரை பதினொன்று நெய்திருக்கிறோம். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இப்போதெல்லாம் வரைந்து முடித்துவிட்டு நான் தறிவீட்டுக்குப் போவதில்லை, வரைவதற்கு முன்னாலேயே போய்விடுகிறேன்.

பனையோலை (சென்னை)

எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான், தறிக்குப் பதில் அச்சகம்.

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். பனைமரம் பற்றிய புத்தகம் ஒன்றைச் சதுர வடிவத்தில்தான் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எட்டரை அங்குலத்துக்கு எட்டரை. குழந்தை மடியில் வைத்துப் பார்க்க வாகாக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு படம். நாலு பக்கம் வண்ணம் தீட்டியும் முடித்துவிட்டேன்.

அச்சக மேற்பார்வையாளர் ஒரு இருபதுக்கு முப்பது அங்குலத் தாளைத் தரையில் விரித்தார். “மேடம், நீங்களே அடுக்கிப் பாருங்க” என்று என் கையில் சதுர அட்டைத் துண்டுகளைக் கொடுத்தார். அகலத்தில் இரண்டு, நீளத்தில் மூன்று. ஆறுக்கு மேல் உட்காரவில்லை. மிச்சமெல்லாம் வெட்டிப் போடுகிற துண்டு. கணக்குப் போட்டால் தாளில் கால் பங்குக்கு மேல் குப்பைக்கூடைக்கு. அதே தாளை ஏழரைக்குப் பத்தாக மடித்தால் தாளின் ஒரு புறம் எட்டுப் பக்கம், இரண்டு புறமும் சேர்த்துச் சரியாகப் பதினாறு, அதைத்தான் அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்பார்கள். துண்டு விழாது. புத்தகத்தின் விலையை இருநூறு ரூபாய்க்குள் வைக்க வேண்டும் என்று பதிப்பாளரிடம் கேட்டதே நான்தான். வீசி எறிகிற தாளுக்கும் சேர்த்து ஒரு அம்மா ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அன்று எனக்கு அழுகைதான் வந்தது, அதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெறும் தாளில் ஏழரைக்குப் பத்து என்று கோடு போட்டேன். நெட்டுக்குத்தான பக்கம். பனைமரம் நெட்டுக்குத்தாகத்தானே நிற்கிறது! சதுரத்துக்குள் அடக்குவதற்காக மரத்தை நான் குட்டையாக்கி வைத்திருந்தேன். புதுப் பக்கத்தில் மரம் ஏறுகிறவர் அடியில் தொடங்கி, மூன்று பக்கம் தாண்டித்தான் உச்சிக்குப் போவார். அந்தப் பக்கங்களைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள்.

மெழுகு (கும்பகோணம்)

சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி ஐயாவிடம் நாலு வருடம் வேலை கற்றுக்கொண்டேன். அவர் பட்டறையில் தராசு எங்கே இருக்கும் தெரியுமா? வாசலுக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில்.

நாங்கள் முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவத்தைச் செய்வோம். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அது இருந்த இடத்தில் உலோகம் போகும். மெழுகு எவ்வளவோ அதைப்போல எட்டு ஒன்பது மடங்கு எடை உலோகம் வேண்டும். அதாவது மெழுகில் ஒரு கைப்பிடி கூடினால் உலோகத்தில் கிலோ கணக்கில் கூடும்.

வெளியூரிலிருந்து ஒருவர் நடராஜர் செய்யச் சொல்லி வந்தார். நல்ல ரசனை உள்ளவர். திருவாசி (சிலையைச் சுற்றி வரும் வளைவு) இரண்டு அடுக்காக வேண்டும், சடை இன்னும் விரிய வேண்டும் என்று நாளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐயா மறுக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் மெழுகில் செய்து, ஒட்டுவதற்கு முன்னால் தராசில் வைத்து எடையைச் சொல்வார். அவ்வளவுதான். மூன்றாவது நாள் வந்தவரே இரண்டாவது திருவாசியை வேண்டாம் என்றார். ஆனால் சடையை விடவில்லை. “இதுக்கு எவ்வளவு ஆனாலும் தர்றேன், இது வேணும் ஸ்தபதி” என்றார். ஐயாவுக்கு அன்று முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சடை மெல்லிசு, உலோகம் நுனிவரை ஓடாமல் நின்றுவிடும் என்று அதற்காகவே தனி மெழுகுக் குச்சிகள் வைத்து வழி பண்ணினார். வார்த்த பிறகு அந்தக் குச்சிகளை அறுத்து அரம் போடவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

செம்மண் (புதுச்சேரி)

எல்லோரும் கற்பனைக்குக் கடிவாளம் போட்ட கதையாகச் சொல்கிறீர்கள். எனக்கு நடந்தது நேர்மாறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுடுமண் நகை செய்கிறேன். தொடங்கிய வருடம் ஜிமிக்கி நன்றாகப் போனது. விற்கிறதை மட்டும் செய்வோம் என்று கணக்குப் பார்த்து ஜிமிக்கியாகவே செய்தேன். ஒரு சூளைக்கு நூறு ஜோடி. அடுத்த வருடம் எங்கள் பக்கம் பயிற்சி முடித்து வந்த எல்லோரும் அதே ஜிமிக்கி, அதே தங்கநிறப் பூச்சு. நூற்றைம்பதுக்கு விற்றது அறுபதுக்கு வந்து நின்றது. என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அது எல்லோரும் போடக்கூடிய கணக்கு. இரண்டு வருடம் மண்ணைத் தொடவே பிடிக்காமல் இருந்தேன்.

2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பார்த்தேன். ஒரே பானையில் உள்ளே கறுப்பு, வெளியே மேல்பாகம் கறுப்பு, அடிப்பாகம் சிவப்பு. சூளையில் காற்று பட்ட மண் சிவக்கும், காற்று போகாமல் புகையில் அடைபட்டது கறுக்கும், இது தினமும் நான் பார்க்கிற வேலை. ஒரு பதக்கத்தைப் பாதி உமிக்குள் புதைத்துச் சுட்டால்? ஆறு மாதம் கெடுத்தேன். எத்தனை உடைந்தது என்று எண்ணவில்லை. வருமானத்துக்கு ஜிமிக்கி, செவ்வாய்க்கிழமை மட்டும் உமிச்சூளை என்று பிரித்துக்கொண்டதால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இப்போது அந்த இரண்டு நிறப் பதக்கங்களில் பூச்சே கிடையாது, நிறம் முழுக்க நெருப்பு கொடுத்தது. அதன் விலையை நான்தான் சொல்கிறேன்.

பயனில்லாத வேலைக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்காதவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாவுக்கை (திருநெல்வேலி)

வீட்டில் கேக் செய்து விற்கிறேன். சித்திரை மாதக் கல்யாணத்துக்கு மூன்று அடுக்கு, முழுக்க வெண்ணெய்க் கிரீம் ரோஜா. தென்காசிக்குக் காரில் கொண்டுபோவதற்குள் ஒரு பக்கம் ரோஜா எல்லாம் சரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது ஆர்டர் எடுக்கும்போது முதல் கேள்வியே “எந்த மாசம், எத்தனை கிலோமீட்டர்?” என்பதுதான். அதற்கு அப்புறம்தான் என்ன பூ என்று கேட்பேன்.

ஊர்க்குருவி

@கட்டத்தாள், ஒரு சந்தேகம். நாளாக ஆக வெள்ளி ஜரிகை கறுக்காதா? உங்கள் மழைக்கோடு ஐந்தாறு வருடம் கழித்து என்ன ஆகும்?

கட்டத்தாள் (காஞ்சிபுரம்)

கறுக்கும். ஈரமும் சென்ட்டும் பட்டால் சீக்கிரமே கறுக்கும். வாங்குகிறவர்களிடம் பருத்தித் துணியில் சுற்றி வைக்கச் சொல்கிறோம், மாதம் ஒரு முறை மடிப்பை மாற்றச் சொல்கிறோம். ஆனாலும் நீங்கள் கேட்டது என்னைக் குடைந்துகொண்டே இருந்ததால் நேற்று அந்த நெசவாளர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவர் மனைவி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். நாலு இழையில் இரண்டை ஜரிகையாக விட்டுவிட்டு, இரண்டை வெளிர் சாம்பல் பட்டு நூலாக மாற்றலாம், ஜரிகை மங்கினாலும் கோடு மறையாது என்கிறார். நெசவாளருக்கு இதில் அவ்வளவாகச் சம்மதமில்லை, பளபளப்பு போய்விடும் என்கிறார். புதுப் பாவு வரும் வெள்ளிக்கிழமை ஓட்டுகிறார்கள். இரண்டு விதமாகவும் ஒரு முழம் நெய்து பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

@செம்மண், அந்தச் செவ்வாய்க்கிழமையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.