நேரோ தாவோலா இல்லாமல் ஒரு சிசிலி விருந்து: எந்தத் தட்டுக்கு எந்த வைன்?

குசினி_பலேர்மோ

பலேர்மோவில ஒரு சின்ன உணவகம். 24 பேருக்கு இரவுச் சாப்பாடு, ஐந்து தட்டு. வாறவை வெளியூர்க்காரர், சிசிலி வைன் எண்டால் அவைக்கு நேரோ தாவோலா எண்ட சிவப்பு வைனும் மார்சாலாவும்தான் தெரியும். அந்த ரெண்டையும் விட்டிட்டு, பேர் கேட்டிராத உள்ளூர் வைன்களை மட்டும் வைக்க வேணும்.

தட்டுகள்: முதல்ல பனெல்லே (கடலை மா வில்லைப் பொரியல்), பிறகு கப்பொனாத்தா (புளிப்பும் இனிப்பும் சேர்ந்த கத்தரிக்காய்க் கறி), சூடை மீன் போட்ட பாஸ்தா, ஃபால்சோமாக்ரோ (முட்டையும் சீஸும் வைச்ச இறைச்சிச் சுருள்), கடைசியாய் கன்னோலி (ரிக்கோட்டாப் பாற்கட்டி அடைச்ச பொரிச்ச கூடு).

ஒத்திகையில மூண்டு இடம் சரிவரேல்லை. கப்பொனாத்தாவுக்குக் கிரில்லோ எண்ட வெள்ளை வைனை ஊத்தினால் வைன் தண்ணி மாதிரிப் போகுது. சூடை மீன் பாஸ்தாவோட ஃப்ரப்பாட்டோ எண்ட சிவப்பைக் குடிச்சால் வாயில இரும்பு ருசி. கன்னோலியோட மல்வாசியா எண்ட இனிப்பு வைன் புளிக்குது. வைனை மாத்திறதோ, சமையலை மாத்திறதோ? எத்தினை போத்தல் வேணும்?

முந்திரிகைக்கொடி

ரெண்டையும் மாத்த வேணும் தம்பி. பேர் தெரியாத வைனை ஒருத்தர் முதல் தரம் குடிக்கேக்க, பக்கத்தில இருக்கிற சாப்பாடு அதைக் கெடுத்தால், வைனே கூடாது எண்டு நினைச்சுக்கொண்டு போயிடுவார். அதால சமையல்தான் கொஞ்சம் இறங்கிவர வேணும்.

கப்பொனாத்தா: அதில வினாகிரியும் சீனியும் சேர்ந்து கிடக்கு. சாப்பாட்டின்ர புளிப்பு வைனின்ர புளிப்பை மிஞ்சினால் வைன் சப்பெண்டு போகும். 1 கிலோ கத்தரிக்காய்க்கு வழக்கமாய் 80 மில்லி வினாகிரி, 50 கிராம் சீனி போடுறனீங்கள் எண்டால், 50 மில்லிக்கும் 30 கிராமுக்கும் இறக்குங்கோ. வினாகிரியைக் கடைசியில் மேலால தெளிக்காமல், சீனியைக் கரைச்சு, நல்ல நெருப்பில 3, 4 நிமிசம் கொதிக்க விட்டுப் பிறகு கத்தரிக்காயைச் சேருங்கோ. மூக்கில ஏறுற காரம் அந்தக் கொதியில பாதி போயிடும். ஒரு இரவு வைச்சு, அடுத்த நாள் குளிர் போன பிறகு பரிமாறுங்கோ. ஃப்ரப்பாட்டோ இங்கதான் பொருந்தும்: துவர்ப்புக் குறைவு, ஸ்ட்ரோபெரி வாசம், புளிப்பும் போதும். 14 பாகை செல்சியஸில குடுங்கோ.

கேட்கிறவைக்கு ஒரு வரி சொல்லலாம்: சிசிலியில முதல்ல டிஓசிஜி (இத்தாலி வைனுக்குக் குடுக்கிற உச்சத் தரம்) கிடைச்ச வைன் செராசுவோலோ தி வித்தோரியா, 2005இல் கிடைச்சது. நேரோ தாவோலாவோட இந்த ஃப்ரப்பாட்டோவையும் கலந்துதான் அதைச் செய்யினம்.

சூடை மீன்: இரும்பு ருசிக்குக் காரணம் உண்மையிலேயே இரும்புதான். சிவப்பு வைனில கூடுதலாய் இருக்கிற இரும்பு மீன் எண்ணெயோட சேரேக்க அந்த நாத்தம் வரும். துவர்ப்புக் குறைஞ்ச சிவப்பு எண்டாலும் தப்பாது. அந்தத் தட்டுக்கு வெள்ளைதான். எத்னா மலைச் சரிவில விளையிற கரிக்காந்தே வையுங்கோ. எத்னா பியாங்கோ (எத்னா வெள்ளை) எண்ட போத்தலில அது 60 வீதமாவது இருக்கும்.

கன்னோலி: வைன் இனிப்பில சாப்பாட்டை மிஞ்ச வேணும், இல்லாட்டிப் புளிக்கும். 1 கிலோ செம்மறி ரிக்கோட்டாவுக்கு 400 கிராம் சீனி போட்டால் மல்வாசியா நிண்டு பிடிக்காது. சீனியை 250 கிராமுக்கு இறக்குங்கோ. அதுக்கு ரிக்கோட்டாவை ஒரு இரவு முழுக்கத் துணியில கட்டி வடிய விட வேணும், தண்ணி நிண்டால் இனிப்பும் கெட்டியும் ரெண்டும் இராது. வைனைப் பந்தெல்லேரியா பசித்தோவுக்கு மாத்துங்கோ. ஜிபிப்போ எண்ட முந்திரிகையை (திராட்சை) வெய்யில்ல காயவைச்சுச் செய்யிறது, மல்வாசியாவை விடக் கனதி. அந்தத் தீவில கொடியைப் பள்ளத்தில குட்டைச் செடியாய் வளர்க்கிற முறையை யுனெஸ்கோ 2014இல் பண்பாட்டு மரபாய்ப் பதிஞ்சிருக்கு.

அளவுக்கரண்டி

உணவு பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். பரிமாறும் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

ஒரு வைனுக்கு ஆளுக்கு 75 மில்லி போதும். 24 பேருக்கு 1,800 மில்லி. 750 மில்லி பாட்டில் மூன்று திறந்தால் 450 மில்லி மிஞ்சும், அதாவது ஆறு ஊற்று. இதோடு ஒவ்வொரு வைனிலும் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கி வையுங்கள். அது குடிப்பதற்கு அல்ல, கார்க் கெட்ட பாட்டில் வந்தால் மாற்றுவதற்கு. இனிப்பு வைன் 50 மில்லி. 500 மில்லி பாட்டில் மூன்று. ஆக நான்கு வைனும் இனிப்பு வைனும் சேர்த்து ஒருவருக்கு மொத்தம் 350 மில்லி. இத்தாலியில் வண்டி ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் அனுமதி லிட்டருக்கு 0.5 கிராம் மட்டுமே என்பதால், முன்பதிவின்போதே வாடகைக் காரில் வரச் சொல்லிவிடுங்கள்.

75 மில்லி தண்ணீரை அளந்து, நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே கிளாஸில் ஊற்றி, எந்த இடம்வரை வருகிறது என்று ஊற்றுகிற பையன்கள் எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். கண்ணளவில் ஊற்றினால் முதல் மேசைக்கு 110 போகும், கடைசி மேசைக்குப் பாட்டில் காலியாகிவிடும்.

ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க் கெட்டது. சில சமயம் வாடை தெரியாது, பழ வாசனை மட்டும் செத்திருக்கும். பக்கத்துப் பாட்டிலோடு வைத்து முகர்ந்தால்தான் புரியும். அறிமுகமில்லாத வைனில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம், ஏனென்றால் விருந்தினர் அதன் இயல்பான மணமே இதுதான் என்று எண்ணிக்கொள்வார். ஜாடியில் கலக்கிற வழக்கம் இருந்தால், முகராமல் எதையும் கலக்காதீர்கள். ஒரு கெட்ட பாட்டில் மற்ற இரண்டையும் கெடுக்கும்.

சூடு: பலேர்மோவில் கோடையில் அறை 28 பாகை இருக்கும். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் கொடுக்கலாம் என்ற பேச்சு அங்கே செல்லாது. 28 பாகையில் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் பாட்டிலை முழுதாகத் தொடாது, அதனால் மெதுவாகவே குளிரும்.

கல்லடுப்பு

கரிக்காந்தே விசயத்தில முந்திரிகைக்கொடி அண்ணையோட நான் ஒத்துப்போகேல்லை. சூடை மீன் பாஸ்தாவில காட்டுப் பெருஞ்சீரகம், குங்குமப்பூ, திராட்சை வத்தல், பைன் விதை, வறுத்த பாண் தூள் எல்லாம் இருக்கு. கரிக்காந்தே மெலிஞ்ச, பச்சை ஆப்பிள் புளிப்புள்ள வைன். திராட்சை வத்தலின்ர இனிப்பு அந்தப் புளிப்பை இன்னும் கூராக்கும். பெருஞ்சீரகம் மிச்ச வாசத்தை மூடிப்போடும். விலை கூடினதை அங்க வீணாக்கக் கூடாது. அந்தத் தட்டுக்குக் கிரில்லோ. உடம்பு இருக்கு, வாசமும் இருக்கு. கப்பொனாத்தாவில தோத்த அதே வைன் இங்க நிக்கும்.

கரிக்காந்தேயைப் பனெல்லேக்குக் கொண்டுபோங்கோ. பனெல்லேக்கு எல்லாரும் எலுமிச்சை பிழிவினம், தடுக்க ஏலாது. கத்தராத்தோ போல புளிப்பு மட்டான வெள்ளை வைன் அந்த எலுமிச்சையில படுத்திடும். கரிக்காந்தே படாது, பொரிச்ச எண்ணெயையும் நாக்கிலயிருந்து கழுவிவிடும்.

ஃபால்சோமாக்ரோவுக்குப் பெரிகோனே. மேற்குச் சிசிலியின்ர சிவப்பு முந்திரிகை அது, பலேர்மோ இறைச்சிச் சுருளுக்கு ஊர்ச் சொந்தம். துவர்ப்புக் கூட. உள்ள வைக்கிற அவிச்ச முட்டையின்ர மஞ்சள் நாக்கில படிஞ்சு வைனை மறைக்கும். முட்டையைக் குறைச்சு கச்சோகவாலோ சீஸைக் கூட்டுங்கோ, உப்பும் கொழுப்பும் துவர்ப்பை மெதுவாக்கும். தக்காளிக் குழம்பை ஒரு மணித்தியாலமாவது வத்த விடுங்கோ. வைனை ஒரு மணித்தியாலம் முந்தி ஜாடியில ஊத்தி வையுங்கோ. மூடியை மட்டும் கழட்டி வைச்சுப் பிரயோசனமில்லை, கழுத்தளவு வட்டத்தில எவ்வளவு காத்துப் படும்? 16, 17 பாகை.

குசினி_பலேர்மோ

நன்றி, எல்லாருக்கும். கரிக்காந்தே, ஃப்ரப்பாட்டோ, கிரில்லோ, பெரிகோனே, பசித்தோ எண்டு வைச்சால் சிவப்புக்குப் பிறகு திரும்ப வெள்ளை வருது. கப்பொனாத்தாவை ஃபால்சோமாக்ரோவுக்குப் பக்கக் கறியாய்த் தள்ளிவிடலாமோ?

முந்திரிகைக்கொடி

தள்ளாதேங்கோ. கப்பொனாத்தாவின்ர சீனி பெரிகோனேயைக் கசப்பாக்கும், இறைச்சியோட வைச்சுத் தப்பின வைன் அதில மாட்டுப்படும். ஃப்ரப்பாட்டோ 14 பாகையில மெல்லிசாய்த்தான் இருக்கும், அதுக்குப் பிறகு கிரில்லோ குடிக்கிறதில ஒரு குறையும் தெரியாது. இடையில ஒரு துண்டு வெறும் பாணும் தண்ணியும் வையுங்கோ. கிளாஸையும் மாத்துங்கோ, சிவப்பின்ர மிச்சத்தில வெள்ளையை ஊத்தக் கூடாது.

கல்லடுப்பு சொன்ன எலுமிச்சைக் காரணம் சரி. கரிக்காந்தே பனெல்லேக்கே போகட்டும், 10 பாகையில. கன்னோலிக் கூட்டுக்குள்ள ரிக்கோட்டாவைப் பெரிகோனே கிளாஸ் எடுக்கிற நேரத்தில நிரப்பத் தொடங்குங்கோ. அதுக்கு முந்தி நிரப்பினால் கூடு நனைஞ்சு தொய்ஞ்சிடும்.