கோடீஸ்வரர்களை எள்ளும்போது குறி எங்கே இருக்க வேண்டும்?

பழையபேனா கேட்டது:
தொழில்நுட்பக் கோடீஸ்வரர்களின் இரட்டை வேடத்தைப் பற்றி ஓர் அங்கதக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதியதைத் திரும்பப் படித்தால், அவர்களுடைய தனி விமானத்தையும் உல்லாசக் கப்பலையும் பார்த்து வயிறெரிகிற ஒருவனின் புலம்பலாகவே அது தெரிகிறது. செல்வத்தைப் பரிகசிப்பதற்கும் போலித்தனத்தைப் பரிகசிப்பதற்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது?

கூர்முனை:
கப்பலை விட்டுவிடுங்கள். 'ஊருக்குத்தான் உபதேசம்' என்று சொல்வோமே, அந்த உபதேசம் எந்த இடத்தில் சொன்னவரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறதோ, அங்கேதான் கை வைக்க வேண்டும். முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் 2020 ஏப்ரலில் எழுதிய கட்டுரையில், அமெரிக்க நகரங்களில் போதிய வீடுகள் கட்டப்படவில்லை என்று கடிந்துகொண்டார். அவர் வசிக்கும் கலிபோர்னியாவின் ஆதர்டன் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடம் தரும் திட்டம் 2022இல் வந்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்து நகர நிர்வாகத்துக்கு அவரும் அவர் மனைவியும் கடிதம் அனுப்பினார்கள். இதில் நகைச்சுவை சேர்க்க நீங்கள் மெனக்கெட வேண்டியதே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் போதும்.

ஓரத்துக்குறிப்பு:
எனக்குப் பிடித்தது ஒட்டுநாடா. தனியுரிமை பற்றிய சமூக வழக்கமே மாறிவிட்டது, மக்கள் தங்களைப் பற்றிய தகவல்களைத் தாராளமாகப் பகிரப் பழகிவிட்டார்கள் என்று 2010இல் விளக்கிய மார்க் ஸக்கர்பெர்க், 2013இல் பாலோ ஆல்டோவில் தம் வீட்டைச் சுற்றியிருந்த நான்கு வீடுகளை 3 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார். 2016இல் இன்ஸ்டாகிராம் பயனர்கள் 50 கோடியை எட்டியதைக் கொண்டாடி அவர் வெளியிட்ட படத்தில், பின்னாலிருந்த மடிக்கணினியின் கேமரா மீது ஒரு துண்டு நாடா ஒட்டப்பட்டிருந்தது. நாடா ஒட்டியது தவறே அல்ல, நானும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் என் வருமானம் பிறர் நாடா ஒட்டாமல் இருப்பதை நம்பியதல்ல.

கூர்முனை:
எலான் மஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றல்மிக்க செயற்கை நுண்ணறிவு அமைப்புகளின் பயிற்சியை ஆறு மாதம் நிறுத்திவைக்கக் கோரிய கடிதத்தில் அவர் பெயர் வந்ததும், அவருடைய சொந்தச் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் நெவாடாவில் பதிவானதும் ஒரே மாதம், 2023 மார்ச்.

நடுவழி:
எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம் என்பேன். பில் கேட்ஸ் 2021இல் வெளியிட்ட காலநிலை நூலில், தமது கார்பன் உமிழ்வு மிக அதிகம் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். மறைக்காதவரைப் போலி என்று எப்படிச் சொல்வது?

பழையபேனா:
ஒப்புக்கொண்ட பிறகும் விமானம் பறந்துகொண்டுதானே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது, ஆயினும் அதற்கு வேறொரு சொல்தான் தேட வேண்டும். கப்பலைப் பற்றிய மூன்று பத்திகளை நீக்கிவிட்டேன். ஒட்டுநாடாவிலிருந்து தொடங்குகிறேன்.