விக்கிக்கு நிரல் எழுதிய அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் உண்டு. பொதுப்பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். எனக்குக் கட்டுரை எழுத வராது, பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரியும், ஏதாவது வேலை இருக்கிறதா என்று அங்கே கேட்டேன். என்னென்ன புதுக் கருவிகள் செய்யலாம் என்று நானே ஒரு பட்டியலும் வைத்திருந்தேன். பதில் போட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "தம்பி, முதலில் ஔவையாரைச் சரிசெய்து கொடுங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'ஔ' ஓர் எழுத்து. 'ஒ', 'ள' இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் திரையில் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் தெரியும். ஆனால் கணினி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாது. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் வழிமாற்று இல்லையென்றால், அப்படிப் பக்கமே இல்லை என்பதுபோல் உள்ளிணைப்பு சிவப்பாகவே நிற்கும். மௌனம், கௌரி, பௌர்ணமி, வௌவால் எல்லாவற்றிலும் இதே தொல்லை; 'மௌ' வர வேண்டிய இடத்தில் 'மெ', 'ள' என்று தட்டியிருப்பார்கள்.

நிரல் எழுதுகிறவருக்கு இது ஒரு வரி வேலையாகத் தோன்றும். 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றினால் முடிந்தது. ஆசிரியர் பேச்சுப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அப்படி மாற்றினால் 'ஒளி' என்ன ஆகும்? மற்ற எழுத்துகளிலும் இதையே செய்தால் 'வெளி', 'வெள்ளம்', 'கெளுத்தி' என்ன ஆகும்? சரி, 'ள' மேல் புள்ளி இருந்தாலோ உயிர்க்குறி சேர்ந்திருந்தாலோ தொடாதே என்று விதி வைத்தோம். அவர் அதோடு விடவில்லை. விக்கிகளுக்கான படங்கள் இருக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஒரு படம் 'கெளரி' என்ற பெயரிலேயே ஏற்றப்பட்டிருக்கலாம். கட்டுரையில் இருக்கும் கோப்புப் பெயரைத் தானியங்கி, அதாவது தானாகத் தொகுக்கும் நம் நிரல், 'கௌரி' என்று திருத்திவிட்டால் அந்தப் படமே காணாமல் போகும். வெளியிணைப்பு முகவரிகளுக்கும் அதே கதிதான். கடைசியில் இவற்றையெல்லாம் விலக்கிவிட்டுச் சொல் சொல்லாகப் பட்டியல் போட்டோம். பட்டியல் முழுக்க அவருடையது. விக்கித் தானியங்கிகளுக்கான பைத்தான் நிரல்தொகுப்பான பைவிக்கிபாட் வைத்து ஓட்டியது மட்டும் நான்.

ஓட்டுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். விக்கிமீடியா அறக்கட்டளை 'பாஸ்' (PAWS) என்ற பெயரில், நிரலை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் ஜூபிட்டர் நோட்புக் வசதி தருகிறது. விக்கிக் கணக்கு இருந்தால் உலாவியிலேயே வேலையை முடித்துவிடலாம். அதற்குமுன் தானியங்கிக்கு அணுக்கம், அதாவது அனுமதி, கேட்டு, சில சோதனைத் தொகுப்புகள் செய்து காட்ட வேண்டும். அணுக்கம் கிடைத்தபின் அதன் தொகுப்புகள் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் இயல்பாகக் கண்ணில் படாது, அதனால்தான் முன்கூட்டியே இவ்வளவு அலசுகிறார்கள். சில நிரலர்களுக்கு இந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருக்கிறது. எனக்கு அது முழு நியாயமாகப் படுகிறது. பலர் வருடக்கணக்கில் வரிவரியாக எழுதியதை ஒரு தவறான விதி சில நிமிடங்களில் குலைத்துவிடும்.

என் பட்டியலை அப்புறம் எடுத்துப் பார்க்கவே இல்லை. எங்கே இடறுகிறது என்பது தினமும் தொகுப்பவர்களுக்குத்தான் தெரியும். நிரல் தெரிந்தவர்கள் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். பைத்தான் தெரியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. லுவா என்ற நிரல்மொழி தெரிந்தால், பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் வார்ப்புருக்களுக்குப் பின்னால் இருக்கும் நிரல்களைப் பார்க்கலாம். நிரலே தெரியாவிட்டாலும் டிரான்ஸ்லேட்விக்கி என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில், பொத்தான்களிலும் பட்டிகளிலும் வரும் இடைமுகச் சொற்றொடர்களைத் தமிழாக்கலாம்.

மறுமொழி

மேலே எழுதியவர் சொல்வது, நூல்களை முழு உரையாகத் தரும் விக்கிமூலத்துக்கும் பொருந்தும். நான் அங்கே மெய்ப்புப் பார்ப்பவள், நிரல் ஒரு வரியும் தெரியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்துக்கு வந்தபோது, த. சீனிவாசன் எழுதிய ஓசிஆர்4விக்கிசோர்ஸ் என்ற பைத்தான் நிரல்தான் பக்கங்களைக் கூகுளின் எழுத்துணரிக்கு (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் OCR கருவிக்கு) அனுப்பி, வந்த உரையை அந்தந்தப் பக்கத்தில் ஏற்றியது. அது இல்லாமல் இத்தனை நூல்களையும் கையால் தட்டுவது நடக்கிற காரியமா?

ஆனாலும் எழுத்துணரி, பக்கத்தின் தலையில் இருக்கும் நூற்பெயரையும் பக்க எண்ணையும் உரையோடு சேர்த்துக் கொண்டுவந்துவிடும். அந்த வரியை வெட்டி, தொகுப்புப் பக்கத்தில் தலைவரிக்கென்று இருக்கும் மேலடிப் பெட்டியில் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் நூலைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது பத்தி நடுவே நூற்பெயர் வந்து நிற்கும். ஒரு பயிலரங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர், நான் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஒவ்வொரு பக்கத்துக்குமா?" என்றார். அன்றைக்கே ஒரு பொத்தான் செய்துகொடுத்தார். அழுத்தினால் முதல் வரி மேலடிக்குப் போய்விடும். மணிக்கட்டு வலி குறைந்தது, சோர்வில்லாமல் எழுத்துப்பிழையில் கவனம் வைக்க முடிந்தது.

அவர் வேலைக்குப் போனபின் தளத்தின் தோற்றம் மாறி, பொத்தான் மறைந்துபோனது. நல்லவேளையாக நிரலைத் தன் பயனர் பக்கத்தில், எந்த வரி எதற்கு என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்திருந்தார். வேறொருவர் அதைப் படித்துச் சரிசெய்துவிட்டார். தயவுசெய்து நீங்கள் எழுதும் நிரல்களுக்கும் இப்படிக் குறிப்பு எழுதி வையுங்கள்.

இப்போது எங்களை வாட்டுவது இரண்டு பத்தியாக அச்சான அகராதிப் பக்கங்கள். எழுத்துணரி இடது பத்தியின் பாதி வரியை வலது பத்தியோடு ஒட்டிவிடுகிறது. இதில் கைவைக்க யாருக்காவது விருப்பமிருந்தால் ஆலமரத்தடியில் ஒரு வார்த்தை எழுதுங்கள், எந்தெந்தப் பக்கங்கள் என்று நான் காட்டுகிறேன்.