டிமென்ஷியா ஹோம் பார்க்கப் போன இடத்தில் கண்ணை விட்டுப் போகாத ஒன்று

மாம்பலம் மருமகள்:
மாமியாருக்கு அல்சைமர் (டிமென்ஷியா என்கிற மறதி நோயில் ஒரு வகை), நடுக்கட்டம். மூன்று ஹோம் பார்த்தாயிற்று. கட்டடம், மாதப் பணம், சாப்பாடு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவது இடத்தில் கிளம்பும்போது மணி ஐந்தே முக்கால். தோளில் ஹேண்ட்பேக்கோடு ஒரு பாட்டி கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கதவைத் திற, பையன் ஸ்கூல் விட்டு வந்து வாசல்ல நிப்பான்." ஆயா கத்தவில்லை. தன்மையாகத்தான் சொன்னார்: "பாட்டி, உங்க பையனுக்கு அறுபது வயசு, அமெரிக்காவுல இருக்காரு." ஆயாவுக்கு அது தினம் சொல்லும் பதில். பாட்டிக்கு அந்த நிமிஷம்தான் தெரிகிறது. அந்த முகம்!

காலையில் போயிருந்தால் இதைப் பார்த்திருக்கவே முடியாது. இந்த நோயில் பலருக்கும் பொழுது சாயும்போதுதான் பதற்றம் ஏறும். பார்வையாளர் நேரத்தைப் பல இடங்களில் பத்திலிருந்து பன்னிரண்டு என்று வைத்துவிடுகிறார்கள். மாலை 5 முதல் 7 வரை உட்கார அனுமதி கேளுங்கள். இருட்டும் முன்பே எல்லா விளக்கும் எரிகிறதா பாருங்கள். அரை இருட்டில் திரைச்சீலை நிழலைக்கூட ஆள் நிற்பதாக நினைத்துப் பயப்படுவார்கள். டிவியில் சீரியல் சண்டை அலறுகிறதா என்பதும் முக்கியம். ஷிப்ட் மாறும் அரை மணி நேரம் ஹாலில் ஒருவராவது நிற்கிறாரா, அல்லது எல்லோரும் நோட்டில் கையெழுத்துப் போடப் போய்விடுகிறார்களா? "பையனுக்கு இன்னிக்கு என்ன டிபன் பாட்டி?" என்று கேட்டபடியே முருங்கைக்கீரைக் கொத்தைக் கையில் கொடுத்து உட்கார வைக்கத் தெரிந்த ஆயா இருந்தால், அந்த இடத்துக்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

உங்கள் கண்ணில் பட்டதை எழுதுங்கள்.

நைட் டூட்டி:
துப்பட்டா. பச்சை காட்டன் துப்பட்டா, பிரம்பு நாற்காலிக்குப் பின்னால ரெண்டு முடிச்சு. முன்னாடி இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, தாத்தாவுக்கு மேல அழகா சால்வை போத்தியிருந்தாங்க. சால்வை நழுவினப்பதான் தெரிஞ்சுது. "விழுந்துடுவார் மேடம், அவர் நல்லதுக்குத்தான்"னு பதில்.

கட்டிவெச்சா விழமாட்டார்ங்கிறது தப்பு. நாற்காலியோட சேர்ந்து சாய்வார், கையை ஊன முடியாது, அடி நேரா தலையில. நாள் முழுக்க ஒரே இடத்துல உட்கார்ந்தா தொடைச் சதை வத்தும், மலச்சிக்கல் வரும், புட்டத்துல புண் வரும். அப்புறம் நிஜமாவே நடக்க முடியாம போகும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல சங்கிலி போடறதுக்கு முழுத் தடை, அது பிரிவு 95. வேற விதமா கட்டறதுன்னா பிரிவு 97: உடனடி ஆபத்தைத் தடுக்க வேற வழியே இல்லாதப்ப மட்டும், பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதியோட, பதிவேட்டுல எழுதி, நோயாளியோட நியமனப் பிரதிநிதிக்கு (அவர் சார்பா பேசறவருக்கு) 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். அந்தச் சட்டத்தோட வரையறையில ஞாபகம் கடுமையா பாதிக்கப்படறதும் சேர்ந்துதான் இருக்கு. ஏர்வாடி மனநலக் காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலைல தீப்பிடிச்சப்ப 28 பேர் ஏன் செத்தாங்கன்னு யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கால்ல சங்கிலி இருந்துச்சு.

"கட்டுவீங்களா?"ன்னு கேட்டா எல்லா ஹோமும் இல்லைன்னுதான் சொல்லும். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் எழுந்து நடந்துட்டே இருந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேளுங்க. கூட நடப்போம், பால் குடுப்போம், பாத்ரூம் கூட்டிட்டுப் போவோம்னு சொன்னா சரி. "அப்படி யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க"ன்னு சொன்னா, மாத்திரை குடுத்துத் தூங்க வெக்கிறாங்கன்னு அர்த்தம். இன்னொண்ணு, குளியல் எத்தனை மணிக்குன்னு கேளுங்க. பகல் ஷிப்ட் வர்றதுக்குள்ள எல்லாரையும் முடிச்சு வெக்கணும்னு நாலு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டற இடங்கள் இருக்கு. டிசம்பர்லயும்தான்.

பிசியோ:
நைட் டூட்டி அக்கா சொன்னது சரி, ஆனால் கட்டில் கம்பியை விட்டுவிட்டார். ஒரு இடத்தில் இருபக்கமும் கம்பி ஏற்றிய ஆஸ்பத்திரிக் கட்டிலில், கம்பிக்கு மேல் ஒரு கால் தொங்கியபடி அந்த அம்மா அசையாமல் இருந்தார். ஏறத் தொடங்கிவிட்டு எதற்கு ஏறினோம் என்பதை மறந்துவிட்டார். கம்பி இல்லாமல் விழுந்தால் ஒன்றரை அடி. கம்பி ஏறி விழுந்தால் மூன்றடிக்கு மேல், இடுப்பெலும்பு தப்பாது. தாழ்வான கட்டில், பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை, இதுதான் வழி. நம் பெரியவர்கள் பலர் பாயில் படுத்துப் பழகியவர்கள்தானே.

பாத்ரூமுக்குள் கட்டாயம் நுழைந்து பாருங்கள். கதவு உள்பக்கமாகத் திறந்தால் ஆபத்து. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், தள்ளினால் அவர்மேல்தான் இடிக்கும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடியவேண்டும். வெஸ்டர்ன் சீட்டில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள், இரு பாதமும் தரையில் படிய வேண்டும். பக்கத்துக் கைப்பிடியை முழு பலத்தோடு இழுங்கள், ஆடினால் அது வெறும் டவல் கம்பி. வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ், வெள்ளை சீட் என்றால் சீட் எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குப் பிரிந்து தெரியாது. வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தால் அது பள்ளமாகத் தெரியும், தாண்டப் பார்த்து விழுவார்கள். பளபளக்கும் கிரானைட் தரை தண்ணீராகத் தெரியும். காலில் ஹவாய்ச் செருப்பு கூடாது, பின்பட்டை உள்ளது வேண்டும்.

படுக்கையாக இருப்பவர் யாராவது இருந்தால், அனுமதி பெற்று, குதிகாலை மட்டுமாவது பாருங்கள். படுக்கைப் புண் முதலில் வருவது வால் எலும்பு, குதிகால், இடுப்புப் பக்கம். "சிவந்திருக்கிறதா பார்" என்று புத்தகத்தில் எழுதியிருக்கும், நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலமாகவோ இருந்தால் அது புண்ணின் தொடக்கம். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுகிறோம் என்பார்கள், எழுதி வைத்த தாளைக் கேளுங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், நாள் முழுவதற்கும் வரிசையாக டிக் இருந்தால் அது ஒரே நேரத்தில் போட்டது.

மருந்துக்கடை:
மாலை ஆறரை. தட்டில் பதினாறு சின்னக் கிண்ணம். பதினாறிலும் அதே வட்ட மாத்திரை, குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்து (ஆன்டிசைக்கோடிக்). பதினாறு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பிரச்சினை இருக்க வாய்ப்பே இல்லை.

இந்த வகை மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் மரண வாய்ப்பைக் கூட்டுகின்றன. புதிய வகைகளுக்கு 2005இலும், ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைகளுக்கு 2008இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. லூயி பாடி வகை டிமென்ஷியா என்றால் இன்னும் மோசம், ஒரு ஹாலோபெரிடால் ஊசியிலேயே உடல் கட்டையாக விறைத்துப் போகலாம். அந்த நோயறிதல் இருந்தால் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள்.

ஹோமில் கேட்க வேண்டியது: திடீரென்று ஒருவர் கத்தினால் மருந்துக்கு முன் எதைப் பார்ப்பீர்கள்? சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, தாகம், காய்ச்சல் என்ற பதில் வர வேண்டும். மூன்று நாள் மலம் போகாத வயிற்றுக்குத் தூக்க மாத்திரை தருவது கொடுமை. சளிக்கு என்று குளோர்பெனிரமின், கை நடுக்கத்துக்கு என்று டிரைஹெக்ஸிஃபெனிடில் தருகிறார்களா என்றும் பாருங்கள், இரண்டும் குழப்பத்தை அதிகமாக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக இடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று இருக்கும் மாத்திரையை இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும்.

திருச்சி:
மருந்துக்கடை சார், மருந்தே வேண்டாம் என்று எழுதுவது சுலபம். பக்கத்துக் கட்டில்காரரை டம்ளரால் மண்டையில் அடிக்கிறவரை என்ன செய்வது? அடி வாங்கியவரும் நோயாளிதானே. எல்லா முயற்சியும் தோற்றபின் சிறிய அளவில் அதே வகை மருந்தான ரிஸ்பெரிடோன் கொடுத்து அமைதியானவர்களைப் பார்த்தாயிற்று. மருந்தைப் பார்த்துப் பயந்து ஒரு நல்ல ஹோமை யாரும் விட்டுவிட வேண்டாம்.

மருந்துக்கடை:
வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினாறு பேருக்கும் ஏன் என்பதுதான் கேள்வி. ஒருவருக்கு, ஒரு காரணத்துக்கு, மிகக் குறைந்த அளவில், தொடங்கிய தேதி எழுதி, ஆறு வாரத்துக்கு ஒரு முறை "இன்னும் தேவையா" என்று மருத்துவர் பார்த்தால் சரி. தொடங்கிய தேதி எங்குமே இல்லாத மருந்துச் சீட்டுதான் பிரச்சினை.

மதுரை:
நீங்க எல்லாம் சென்னை, கோவை கதை பேசுறீங்க. எங்க பக்கம் இருக்கிறது சாதா முதியோர் இல்லந்தான். "மறதி இருந்தா எடுக்க மாட்டோம்"னு முதல்லயே சொல்லிருவாக. அதுக்குப் பயந்து வீட்டுக்காரங்க நோயை மறைச்சுச் சேர்க்கிறாங்க. ஒரு வாரத்துல "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு போன் வரும். மறைக்காதீங்க.

என் மனசுல நிக்கிறது ஒரு பாட்டி. வீட்டு மொழி தெலுங்கு, அறுபது வருஷம் மதுரைல தமிழ் பேசினவுக. நோய் முத்தினதும் தமிழ் போயிருச்சு. பின்னால படிச்ச மொழிதான் பலருக்கும் முதல்ல போகும். "நீள்ளு, நீள்ளு"ங்கிறாக, தெலுங்குல தண்ணி. அட்டெண்டர் பொண்ணு ஒடிசா, அதுக்குத் தமிழே அரைகுறை. போர்வையை இழுத்து இழுத்துப் போத்தி விடுது. உதடு வெடிச்சுப் போயிருக்கு, தண்ணி டம்ளர் மூணு அடி தள்ளி ஜன்னல்ல. அந்தப் பொண்ணு மேல குத்தம் இல்ல. யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல.

அதனால ஒரு தாள் எழுதிக் குடுங்க, ஒரே பக்கம், பெரிய எழுத்துல, கட்டில் பக்கத்துல ஒட்டுற மாதிரி. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவாக. தண்ணிக்கு, பசிக்கு, வலிக்கு என்ன வார்த்தை. முக்கியமா பாத்ரூமுக்கு. நம்மாளுக யாரும் நேராச் சொல்றதில்ல. "வெளிய போகணும்"னா ஒருத்தருக்குக் கக்கூஸ், இன்னொருத்தருக்கு நெசமாவே வெளிய போகணும். இதைப் புரிஞ்சுக்காமத்தான் "ஓடப் பாக்குறாரு"ன்னு கதவைப் பூட்டுறாங்க. என்ன வேலை பார்த்தாக, எத்தனை மணிக்கு எழுந்திரிப்பாக, காபில எத்தனை சர்க்கரை, ஆம்பள அட்டெண்டர் தொட்டா பதறுவாகளா, எந்தக் காது கேக்காது. கண்ணாடி, பல்செட், காது மிஷின் எல்லாத்துலயும் அழியாத மையில பேர். பல்செட் மாறிப்போறது சாதாரணமா நடக்குது, "சாப்பிடவே மாட்டேங்குறாரு"ன்னு சொல்ற பாதிப் பேருக்கு வாயைத் திறந்து பார்த்தா விசயம் தெரியும். ராத்திரி டூட்டில அவுக மொழி தெரிஞ்சவுக ஒருத்தராவது இருக்காகளான்னு கேளுங்க. நான் கேக்கச் சொல்ற முதல் கேள்வி அதுதான், மாலை நேரமெல்லாம் அப்புறம்.

கோவை:
சாப்பாட்டு நேரத்துல போய்ப் பாருங்க. நின்னுகிட்டே ஊட்டற ஆயா, அண்ணாந்து வாய் திறக்கற ஐயா. அது ஒண்ணு போதும், வேற கேள்வியே வேண்டாம். அண்ணாந்தா மூச்சுக்குழாய் திறந்துக்கும், சாப்பாடு நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். ஊட்டறவங்க சமமா உட்காரணும், முகவாய் லேசா கீழ இருக்கணும், ஒரு வாய் முழுங்கினது தெரிஞ்சப்புறம் அடுத்த வாய். முடிஞ்சதும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாதுங்க. இப்படி ஊட்டினா ஒருத்தருக்கு 30, 40 நிமிஷம் ஆகும். எட்டுப் பேருக்கு ஒரே ஆயா 20 நிமிஷத்துல முடிச்சா என்ன நடக்குதுன்னு கணக்குப் போட்டுக்குங்க.

அந்த நேரம் இல்லாததாலதான் சில இடத்துல "மூக்குல ட்யூப் போட்டுட்டு வாங்க, சேர்த்துக்கறோம்"ங்கறாங்க. முற்றிய டிமென்ஷியாவுல ட்யூப் வேண்டாம், கையால ஊட்டுங்கன்னு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014லயே சொல்லிடுச்சு. ஆயுளும் கூடறதில்ல, நிமோனியாவும் நிக்கறதில்ல. ட்யூபைப் பிடுங்கிடக் கூடாதுன்னு கையைக் கட்டுவாங்க, மறுபடி துப்பட்டாதான்.

தட்டையும் பாருங்க. வெள்ளைத் தட்டுல தயிர்சாதம்னா அவங்களுக்குச் சாதமே தெரியாது. பாஸ்டன்ல 2004ல பளிச்சுனு நிறம் இருக்கற தட்டுல வெச்சுப் பார்த்தாங்க, சாப்பாடு கால் பங்கு கூடுதலா உள்ள போச்சு. நம்ம வாழை இலை அந்த வேலையை எப்பவோ செஞ்சுட்டிருக்கு. எடைப் புத்தகத்தைக் கேளுங்க. ஒரு மாசத்துல நூத்துக்கு 5 பங்கு குறைஞ்சா, 50 கிலோ ஆளு 47.5க்கு வந்தா, வீட்டுக்குச் சொல்லணும். எடை மிஷினே இல்லைன்னா பேச்சை அங்கயே முடிச்சுக்கலாம்.

திருச்சி:
ஒன்றை யாரும் சொல்லவில்லை, ஒப்பந்தம். ஒரு இடத்தில் மகள் கையெழுத்துப் போட்ட தாளில் "நிலை மாறினால் கட்டணம் மாறும்" என்று ஒரே வரி. எந்த நிலை, எவ்வளவு, யார் முடிவு செய்வது, ஒன்றும் கிடையாது. நான்காம் மாதம் அங்கே சேர்த்த பெரியவர் நடக்க முடியாமல் போனதும் புதிய பில். இதை எண்ணில் எழுதி வாங்குங்கள். டயபர் தனிக் கணக்கா என்று கேளுங்கள், ஒரு நாளைக்கு 5 என்றால் மாதம் 150. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் முழுப் பணமா? முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? வெளியேற எத்தனை நாள் நோட்டீஸ்? மிரட்டலாகவோ அலட்சியமாகவோ பேசினால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. கடைசியாக, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் வண்டியில் கூட ஏறுவது யார், வீட்டு ஆள் வரும்வரை எமர்ஜென்சியில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? பதவியை அல்ல, ஆளைக் காட்டச் சொல்லுங்கள்.