புதுப்பிப்பு: இலை ஆர்என்ஏவிலும் மக்காச்சோள சீயின் பட்டை வந்ததற்குக் காரணம் கிடைத்தது

நான் கேட்டிருந்தது இதுதான்: மக்காச்சோள விதையின் முளைசூழ்தசையில் (முளைக்கான உணவைச் சேமிக்கும் திசு) மட்டும் வெளிப்பட வேண்டிய 22 கிலோடால்டன் ஆல்ஃபா சீயின் (விதைச் சேமிப்புப் புரதம்) ஜீனுக்கு, இலை ஆர்என்ஏவிலும் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும் சோதனை) பட்டை வருவது ஏன்? யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காமல் ஒரு குழாய் ஓட்டிப் பார்க்கச் சொன்னதுதான் விடை தந்தது. அதிலும் அதே பட்டை, ஜெல்லில் அதே உயரத்தில். ஆக, பெருகியது ஆர்என்ஏவோடு ஒட்டி வந்த ஜீனோம் டிஎன்ஏ. ஆல்ஃபா சீயின் ஜீன்களில் இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) கிடையாது என்பதால், ஆர்என்ஏவிலிருந்து வந்த பட்டையையும் ஜீனோம் டிஎன்ஏவிலிருந்து வந்த பட்டையையும் அளவை வைத்துப் பிரிக்கவே முடியாது. நெல்லின் விதைப் புரதமான குளுட்டெலினின் ஜீன்களில் இன்ட்ரான் உண்டு; அதன் இரு பக்கமும் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கி வைக்கும் குறுந்துண்டு) வைத்தால் டிஎன்ஏ பட்டை பெரிதாகத் தனியே நிற்கும். இங்கே அந்த வசதி இல்லை.

டிஎன்ஏஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி) கொடுத்த பிறகு ஜெல்லில் இலை மாதிரியின் வரிசை சுத்தமாகிவிட்டது. முளைசூழ்தசை வரிசையில் மட்டும் தடித்த பட்டை.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. அந்தப் பட்டையை நேரடியாக வரிசைப்படுத்தினால் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைச் சிகரங்கள். குளோன் செய்து பார்த்தேன்: ஒன்றையொன்று மிகவும் ஒத்த, ஆனால் வேறு வேறு டிஎன்ஏ வரிசைகள், ஒன்றில் நடுவிலேயே நிறுத்தக் குறியீடு. இது ஒரு பெரிய ஜீன் குடும்பம், அதில் சில முழுப் புரதம் தராதவை. க்யூபிசிஆர் (அளவைக் கணக்கிடும் பிசிஆர்) செய்பவர்கள் தங்கள் பிரைமர் ஒரு ஜீனைப் பிடிக்கிறதா, குடும்பத்தையே பிடிக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.